இருபத்தைந்து நிமிடச் சிப்பி

சிப்பி எத்தனை மணிக்குக் கடலைவிட்டு வெளியே வந்தது என்பதை எங்கள் படகுத்துறையில் முடிவு செய்வது நான்தான். அதுவும் முந்தின நாள் சாயங்காலமே முடிவு செய்துவிடுவேன்.

வெயில் மாதங்களில் சட்டம் ரொம்பக் கறார். வளைகுடாத் தண்ணீர் சூடேறிவிட்டால் சிப்பிக்குள் ஒரு கிருமி பெருகும். அதனால் தண்ணீரைவிட்டு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சிப்பி ஐஸுக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் அட்டைச் சீட்டு தொங்க வேண்டும். எந்தப் படகு, கடலில் எந்தச் சிப்பித் திட்டு, எடுத்த நேரம், ஐஸில் வைத்த நேரம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். நனைந்த கையுறையோடு, ஆடுகிற படகில் நின்றுகொண்டு, மனுஷன் சிப்பி வாருவானா, சீட்டு எழுதுவானா? எங்கள் ஊர் ஆண்கள் கூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழியின் பெயர் ஒடீல். அதாவது நான்.

என் கையெழுத்து பள்ளியில் கன்னியாஸ்திரிகள் விரல் முட்டியில் அளவுகோலால் தட்டித் தட்டி வரவழைத்தது. பதினோரு படகுக்காரர்களும் வெற்றுச் சீட்டுகளை என் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுப்பில் கம்போக் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் மறுநாள் காலையை நான் எழுதி முடித்துவிடுவேன். ஆரம்பத்தில் எல்லாப் படகுக்கும் ஆறு மணி என்றே போட்டேன். சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், பதினோரு படகும் கோயில் பாடகர் குழு மாதிரி ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிறதே, பெரிய ஒற்றுமைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து 6.12, 6.27, 6.41 என்று கலைத்துப் போடக் கற்றுக்கொண்டேன். ஐஸ் நேரத்துக்கு அதோடு நாற்பதோ ஐம்பதோ நிமிடம் கூட்டிக்கொள்வேன். அடுத்த முறை வந்தபோது அதிகாரி மனம் திறந்து பாராட்டினார். இவ்வளவு ஒழுங்கான துறையை இந்தக் கரையிலேயே பார்த்ததில்லையாம்.

நிஜத்தில் மூட்டைகள் மதியம்வரை படகின் மேல்தட்டில் வெயில் காயும். ஐஸ்பெட்டி இல்லாத படகு கிடையாது. அதில் பீர் இருக்கும், சோடா இருக்கும். பீர் சூடாகிவிடக் கூடாது என்பதில் எங்கள் ஆண்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சிப்பியை ஏன் வெயிலில் போட்டிருக்கிறீர்கள் என்று கல்யாணமான புதிதில் என் மாமனாரிடம் கேட்டேன்.

"அதுதான் வாயை இறுக்கி மூடிக்கிட்டிருக்கே. வெயில் எந்த வழியா உள்ள போகும்?" என்றார்.

என் மாமனார் பெயர் ஒவீட் தெபோ. வயது அறுபத்தெட்டு. துறையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. தினமும் மதியம் மெர்ரில் என்கிற வியாபாரி பட்டணத்திலிருந்து டிரக்கோடு வருவார். ஒரு மூட்டையும் உடனே ஏறிவிடாது. முதலில் மாமா துறை மேசை முன்னால் வந்து நிற்பார். தன் படகு மூட்டை ஒன்றை அவிழ்ப்பார். ஒரு டஜன் சிப்பியைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்து, மிளகாய் சாஸ் இரண்டு சொட்டு விட்டு, பச்சையாக விழுங்குவார். சுற்றி நின்று எல்லோரும் பார்ப்பார்கள். மெர்ரிலும் மரியாதைக்கு ஒன்றிரண்டு விழுங்குவார். அதற்கப்புறம்தான் பதினோரு படகுச் சரக்கும் நகரும். நாற்பது வருஷமாக இதுதான் நடைமுறை. ஒவீட் தின்றால் சரக்கு நல்லது, தின்னாவிட்டால் கோளாறு. சூறாவளிக்கு ஊரைக் காலி செய்த நாட்களைத் தவிர அவர் தின்னாத நாள் இல்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம் அவருக்கு வயிறு வீங்கியது, கண் மஞ்சளாகியது. என் கணவன் கர்லீக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது, அதனால் நான்தான் டாக்டர் ட்ரானிடம் கூட்டிப்போனேன். ட்ரான் இந்தத் துறையிலேயே இறால் படகில் வளர்ந்த பிள்ளை. உனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அவரிடம் மாமாவால் சொல்ல முடியவில்லை. ஈரல் சுருங்கிப் போய்விட்டது என்றார் ட்ரான். குடி இன்றோடு சரி. பச்சைச் சிப்பியும் இன்றோடு சரி. அந்தக் கிருமி மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். ஈரல் கெட்டவர்களுக்கு நேரே ரத்தத்தில் ஏறும். காலில் கொப்புளம் கிளம்பும், ஓரிரண்டு நாளில் ஆளையே முடித்துவிடும். அப்படி ரத்தத்தில் ஏறியவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் பிழைப்பதில்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கடல் தண்ணீரில் கையை விடவும் கூடாது என்றார்.

மிளகாய் சாஸ் அதைக் கொல்லாதா என்று மாமா கேட்டார். அது உங்கள் நாக்கைத்தான் கொல்லும் என்றார் ட்ரான். எலுமிச்சை? கொல்லாது. பீர்? அதுவும் இல்லை. கெட்ட சிப்பியை மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார் மாமா. இந்தக் கிருமிக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை, ருசியும் இல்லை என்றார் ட்ரான்.

"நல்லா பொரிச்சுச் சாப்பிடுங்க. வேகவச்சுச் சாப்பிடுங்க. எத்தனை வேணும்னாலும் சாப்பிடுங்க. பச்சையா மட்டும் ஒண்ணுகூட வேணாம் பெரியவரே."

திரும்பி வரும்போது காரில் மாமா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். ஈரல் விஷயம் துறையில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

அன்று சாயங்காலமே பீரை விட்டார். ஐம்பது வருஷக் குடி, ஒரு சத்தமில்லாமல் விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மதியம் வழக்கம்போல மேசை முன்னால் போய் நின்று ஒரு டஜன் விழுங்கினார். சாஸ் மட்டும் இரண்டு சொட்டுக்கு நாலு சொட்டாக ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா என்றேன்.

"ரெண்டை விடச் சொன்னான். ஒண்ணை விட்டுட்டேன்ல. பாதி வழி நான் வந்துட்டேன், மீதி வழி அவன் வரட்டும்" என்றார்.

எனக்கு இந்தக் கிழவர்மேல் உயிர். கர்லீயைக் கட்டிக்கொண்டதற்காக என் அப்பா என் துணிமணியை வாசலில் எறிந்தபோது, அதைப் பொறுக்கி எடுத்து, தன் வீட்டு முன்னறையைக் காலி செய்து கொடுத்தவர் அவர். அதனால் ஜூன், ஜூலை முழுக்க எனக்கு வேலை அவர் காலைப் பார்ப்பதுதான். கொப்புளம் இருக்கிறதா, சிவப்பு இருக்கிறதா. இரண்டு நாள் தாண்டினால் தப்பித்தார் என்று கணக்கு. ஆனால் தினமும் தின்கிற மனுஷருக்கு எந்த இரண்டு நாளை எண்ணுவது? கர்லீயிடம் சொன்னால், அப்பா யார் சொல்லியும் கேட்டதில்லை, இனிமேலா கேட்கப்போகிறார் என்று தோளைக் குலுக்குவான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வாங்கிவந்து குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். மூன்று வாரம் மாமா அதைத் திரும்பியே பார்க்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரம் ஒரு நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பதினாலு வரியில் ஒரு வரியைத்தான் படித்திருக்கிறார். சிப்பி எவ்வளவு சீக்கிரம் ஐஸுக்குப் போகிறதோ அவ்வளவுக்குக் கிருமி குறைவு என்கிற வரி. அதற்கு அடுத்த வரியே, ஈரல் நோய் உள்ளவர்கள் எவ்வளவு சீக்கிரம் ஐஸில் வைத்ததையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டார்.

மறுநாள் மதியம் துறைக்குக் கண்ணாடியோடு வந்தார். கைக்கு வந்த மூட்டையை அவிழ்க்கவில்லை. தன் படகு மூட்டைகளுக்குள் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் படித்துக்கொண்டே போனார். நாற்பத்தெட்டு நிமிடம், தள்ளு. முப்பத்தொன்பது, தள்ளு. ஓரிடத்தில் நின்றார். எடுத்தது 6.40, ஐஸ் 7.05. முகம் மலர்ந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இந்தா, இதுதான் என் மூட்டை."

அந்த இருபத்தைந்தை நான் ஏன் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வரிசையாக நாற்பதும் ஐம்பதுமாக எழுதி எனக்கே சலித்துப்போயிருந்தது. ஒரு மாறுதலுக்குப் போட்டேன். அந்தச் சலிப்பிலிருந்து அவர் பன்னிரண்டு சிப்பி தின்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வீட்டில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மாமா, அந்தச் சீட்டை யார் எழுதினது?"

"நீதான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"எப்ப எழுதினேன்?"

"நேத்து."

"அப்ப அந்தச் சிப்பி எங்க இருந்துச்சு?"

"கடல்ல."

"அப்புறம் அது ஏழஞ்சுக்கு ஐஸுக்குப் போச்சுன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததைப் பார்த்து ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அதிகாரி அதைப் படிச்சான், ஒத்துக்கிட்டான். மெர்ரில் படிச்சான், ஒத்துக்கிட்டான். பட்டணத்துல அத்தனை ஓட்டல்காரனும் அந்தச் சீட்டைப் பத்திரமா எடுத்து வச்சுக்கிறான். பதினஞ்சு வருஷமா ஊர் முழுக்க நம்புது. நான் மட்டும் நம்பக் கூடாதா?"

பொய் சொல்கிறவரைத் திருத்திவிடலாம். தன் பொய்யைத் தானே காசு கொடுத்து வாங்குகிறவரை என்ன செய்வது? படகில் அந்த மூட்டை ஆறு மணி நேரம் வெயிலில் கிடந்தது அவருக்குத் தெரியும். அதன்மேல் உட்கார்ந்துதான் வந்தார். ஆனால் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்ததே.

இரண்டு நாள் அவர் காலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த நாட்களிலும் சீட்டைப் பார்த்துத்தான் தின்றார், மூன்றாவது நாள் முப்பத்தோரு நிமிடம் என்று ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்துத் தின்றார். இனிமேல் சின்ன எண்ணாகப் பார்த்து எழுதும்மா, ஈரலுக்கு நல்லது என்று என்னிடம் வேறு சொன்னார்.

அன்று சாயங்காலம் மற்றப் பத்துப் படகுக்கும் வழக்கம்போல எழுதினேன். எங்கள் படகுச் சீட்டுகளை மட்டும் வெறுமையாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் மாமாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கர்லீயோடு நானே படகில் ஏறினேன். பக்கத்துப் படகு ஃபெலிக்ஸ், சிப்பி வாரப் போறியா, பரீட்சை எழுதப் போறியா என்று கத்திக் கேட்டான். பரீட்சைதான் என்றேன். கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு மூட்டைக்கும் எடுத்த நேரத்தை எழுதினேன். 5.50. 6.05. 6.20. ஐஸ் நேரத்துக்கான கட்டம் மணிக்கணக்காகக் காலியாகவே கிடந்தது. ஒன்பது மணிக்கு மேல்தட்டில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. பத்து மணிக்குக் கர்லீ ஒரு பீரை எடுத்துக் குடித்தான், ஜில்லென்று இருக்கிறது என்றான். கரைக்கு வந்து குளிர் அறையில் மூட்டைகளை இறக்கியபோது மணி 12.20. அதையும் எழுதினேன். பதினைந்து வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

மெர்ரில் வந்தார். பத்துப் படகுக்காரர்களும் கூடினார்கள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூட்டைகளிடம் போனார். முதல் சீட்டைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தார். இரண்டாவதைத் தூக்கினார். மூன்றாவதையும். ஆறரை மணி நேரம், ஆறேகால் மணி நேரம், ஆறு மணி நேரம். எல்லாம் என் அழகான கையெழுத்தில்.

"இதை எவன் தின்பான்?" என்றார்.

சத்தமாகவே சொல்லிவிட்டார். துறை முழுக்கக் கேட்டது. மெர்ரில் காதில் விழாத மாதிரி ஆகாயத்தைப் பார்த்தார். அவருக்குச் சீட்டு சரியாக இருந்தால் போதும், சிப்பி எப்படியோ போகட்டும். நான் டிரக்கில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், அதற்குள் உங்கள் எழுத்து வேலை ஏதாவது இருந்தால் முடித்துக்கொள்ளுங்கள் என்று நாகரிகமாகச் சொன்னார். ஆனால் போகவில்லை, வேடிக்கையை விட்டுப் போக மனசில்லை.

மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற சீட்டு எழுதும்மா."

"யாருக்கு மாமா? உங்களுக்கா, தின்னப்போறவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தான். நான் இன்னைக்கு ஒண்ணும் தின்னலை."

கேட்டதும் எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. சந்தோஷம் அவர் தின்ன மாட்டார் என்பதால். கோபம் எதற்கென்று சொல்லத் தேவையில்லை. பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டையும் பென்சிலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நீங்களே எழுதுங்கள் என்றேன்.

மூட்டைமேல் வைத்து எழுத ஆரம்பித்தார். 6 என்று போட்டார். ஒரு புள்ளி வைத்தார். அதோடு நின்றது. பென்சிலைப் பிடித்தபடி அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணல் மாணலாக, எங்கேயோ சாய்ந்து நின்ற ஆறு அது.

"என்ன மாமா?"

"நான் எழுதினா எனக்கே நம்பிக்கை வரலை" என்றார்.

சுற்றி நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒவீட் தின்னாமல் யாருடைய சரக்கும் ஏறாது. ஃபெலிக்ஸ் தன் படகிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிவந்து மேசைமேல் போட்டான். சீட்டைக் காட்டினான், இருபத்தெட்டு நிமிடம் என்றான். உங்கள் படகு சரியில்லை என்றால் என் படகில் தின்னுங்கள், எதுவானாலும் ஒரு டஜன் தின்று முடியுங்கள், எல்லோருக்கும் வீட்டில் வேலை இருக்கிறது. மெர்ரில் தானே ஒன்றைத் திறந்து மாமா பக்கம் நீட்டினார், இன்னொன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

மாமா அந்தச் சீட்டைப் பார்த்தார். என் கையெழுத்து. அப்புறம் என்னைப் பார்த்தார். சிப்பியை வாங்கக் கை நீண்டுவிட்டது.

நேற்று அதை எழுதும்போது நான் ஒரே ஓர் ஈரலைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். எனக்கு வேண்டியவருக்கு ஒரு சீட்டு, ஊராருக்கு ஒரு சீட்டு. மாமாவும் அதைத்தானே கேட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

"அதுவும் நான்தான் எழுதினேன் மாமா" என்றேன். "நேத்து நாலு மணிக்கு. பத்துப் படகும். எல்லாம்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் இனி என் வீட்டுப் பக்கம் வரமாட்டான் என்று தெரிந்தது. மாமாவின் கை பின்னால் போனது.

"என்ன ஒவீட், நீங்க தின்னுங்க. நாற்பது வருஷமா தின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்றார் மெர்ரில்.

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். எத்தனையோ சூறாவளியில் அந்த மனுஷர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை.

"என் ஈரல் போச்சு மெர்ரில். ஒண்ணு தின்னாலும் போய்ச் சேர்ந்துடலாம்னு ட்ரான் சொன்னான். ரெண்டு மாசமா தினமும் பயந்துக்கிட்டேதான் முழுங்கினேன். இனிமே என்னால ஆகாது."

மெர்ரில் தலையை ஆட்டினார். வருத்தமான விஷயம்தான், வயசானால் இப்படித்தான் என்றார். பிறகு தன் கையில் இருந்த சிப்பியைப் பார்த்தார். தினமும் டிரக் ஏறுவதற்கு முன்னால் ஒன்று, இறங்கியதும் மூன்று என்று பீர் குடிக்கிறவர் அவர். சிப்பியை வாயருகே கொண்டுபோனார்.

"நல்லவேளை, எனக்கு ஈரல் நல்லாயிருக்கு" என்றார்.

மாமா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்கும் ஜூன் வரைக்கும் நல்லாத்தான்டா இருந்துச்சு."

மெர்ரில் சிப்பியை மேசைமேல் வைத்தார்.